நாளையை நோக்கி ஓடும் மனத்தைக் கையாள்வது எப்படி? தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பகலெல்லாம் நினைவுக்கு வராத வேலைகள், இரவு விளக்கை அணைத்துப் படுத்த ஐந்தாவது நிமிடத்தில் வரிசையாக வந்து நிற்பதை அறியாதவர் குறைவு. வண்டிக்குக் காப்பீடு புதுப்பிக்க வேண்டும், மாதக் கடைசியில் தவணை கட்ட வேண்டும், மகனைப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு எதில் சேர்ப்பது, அம்மாவின் கண் சரியாகாமல் போனால் என்ன செய்வது என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். இந்த வரவை அடியோடு நிறுத்துவதற்கு இக்கட்டுரையில் வழி சொல்லப்படவில்லை; நிறுத்திக் காட்டுகிறேன் என்பவரை நான் நம்புவதும் இல்லை. வருகிற எண்ணத்துக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் ஒதுக்கிக் கொடுத்தால், அது நம்மைத் திரும்பத் திரும்பத் தட்டி எழுப்ப வேண்டிய தேவை குறைகிறது. அதை எப்படிச் செய்வது என்பது மட்டுமே இங்கே சொல்லப்படுகிறது. வேண்டிய பொருள்கள் மூன்றே: சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி, ஒரு பென்சில், ஓர் உறை.

தொடங்கும் முன், உங்கள் மனத்தோடு நடத்திவரும் சண்டையைக் கைவிடுங்கள். வருங்காலத்தை நினைப்பது ஒரு கெட்ட பழக்கம் அல்ல. நினைவாற்றலோடு சேர்ந்தே வருகிற ஒரு திறன். 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் அடிபட்ட கனடா நாட்டவர் ஒருவரை எண்டல் துல்விங் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கே.சி. என்ற எழுத்துகளால் ஆய்வுலகில் அறியப்படும் அந்த மனிதருக்குப் பொது அறிவு இருந்தது, சதுரங்கம் ஆடத் தெரிந்தது. ஆனால் தம் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட மனத்தில் மீண்டும் கண்டு பார்க்க அவரால் இயலவில்லை. நாளை என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்விக்கும் அவரிடம் விடை இல்லை. உள்ளே வெறுமையாக இருப்பதாகவே சொன்னார். நேற்றை இழந்தவருக்கு நாளையும் சேர்ந்தே போய்விட்டது. நாளையை நினைக்கத் தெரியாத மனம் அமைதியான மனம் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

எண்ணத்தை அடக்கிப் பார்ப்பதும் பயன் தராது. 1987இல் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் மாணவர்களை ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார்கள். நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கரடியை நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, முதலில் அடக்கிப் பழகியவர்கள், அடக்காதவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். படுக்கையில் புரண்டபடி “இதையெல்லாம் இப்போது நினைக்கக் கூடாது” என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போது நடப்பதும் இதுதான்.

முதல் மூன்று நாள்: காது கொடுத்துக் கேட்பது

முதல் மூன்று நாட்களில் எதையும் மாற்ற வேண்டாம். காலையில் கிழித்த நாட்காட்டித் தாளைக் குப்பையில் போடாமல், அதன் வெற்றுப் பின்புறத்தில் மூன்று கட்டங்கள் போட்டுச் சட்டைப் பையிலோ அடுப்படி மேடையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வருங்காலம் பற்றிய எண்ணம் ஒன்று வந்ததை உணரும்போதெல்லாம் உரிய கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். எந்தக் கட்டம் என்பதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை. நமக்குள் நாம் பேசிக்கொள்வது பேச்சுத் தமிழில். அந்தப் பேச்சின் கடைசி எழுத்துகளே அடையாளம் காட்டிவிடும்.

சில எண்ணங்கள் “ணும்” என்று முடியும்: சர்க்கரைச் சோதனைச் சீட்டை எடுத்து வைக்கணும், தம்பிகிட்ட லீவு கேக்கணும். சில எண்ணங்கள் “ட்டா” என்றோ “ன்னா” என்றோ முடிந்து, பின்னால் ஒரு கேள்விக்குறியோடு தொங்கும்: ஆபரேஷன் தள்ளிப் போயிட்டா? பார்வை வரலைன்னா? இன்னும் சில “லாம்” என்று முடியும்: கண்ணு தெரிஞ்சதும் அம்மாவைத் திருச்செந்தூர் கூட்டிட்டுப் போகலாம். முதலாவது வேலை, இரண்டாவது பயம், மூன்றாவது ஆசை. உங்கள் ஊர்ப் பேச்சில் ஈறு வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்; மூன்று வகை எங்கும் உண்டு.

என் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிவான வாரத்தில் நான் போட்ட முதல் தாளில் “ணும்” கட்டத்தில் பதினான்கு கோடுகளும், “ட்டா” கட்டத்தில் ஒன்பதும், “லாம்” கட்டத்தில் ஒன்றும் இருந்தன. அதுவரை என்னைப் பயந்தாங்கொள்ளி என்றே நினைத்திருந்தேன். தாளைப் பார்த்தபிறகுதான் நான் பெரும்பாலும் கணக்குப்பிள்ளை வேலைதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. உங்கள் தாள் வேறு கதை சொல்லலாம். மூன்று வகைக்கும் மருந்து வேறு என்பதால்தான் இந்த மூன்று நாள் காத்திருப்பு. பயத்துக்குத் திட்டம் போடுவதும், செய்ய வேண்டிய வேலைக்கு மூச்சுப் பயிற்சி செய்வதும் இத்துறையில் புதிதாக இறங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்.

“ணும்” என்று முடிபவை

இந்த வகையைக் கையாள்வதுதான் எளிது, பலனும் உடனே தெரியும்; ஆகவே இதில் தொடங்குங்கள். நான்காம் நாள் முதல், படுக்கப் போவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லினும் உடன் பணியாற்றியவர்களும் 57 பேரை ஆய்வுக்கூடத்தில் உறங்க வைத்து இதைச் சோதித்து, 2018இல் வெளியிட்டார்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். அதிலும் பட்டியலை விரிவாகவும் குறிப்பாகவும் எழுதியவர்களே விரைந்து உறங்கினார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். எழுதியதால் கவலை கூடும் என்று நினைப்போம்; நடப்பது வேறு.

குறிப்பாக எழுதுவது என்றால் என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். “அம்மா ஆபரேஷன்” என்று நான் முதல் நாள் எழுதியது ஒரு தலைப்பே தவிர வேலை அல்ல. அதைப் பார்த்தவுடன் மனம் மறுபடியும் முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கியது. மறுநாள் அதையே இப்படி மாற்றினேன்: “செவ்வாய் காலை, டிபன் தட்டைக் கழுவி வைத்ததும், பீரோ மேல்தட்டில் உள்ள மஞ்சள் பையில் அம்மாவின் பழைய சர்க்கரைச் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது.” இதில் நாள் இருக்கிறது, எதை முடித்த கையோடு என்பது இருக்கிறது, கை எந்தத் தட்டுக்குப் போக வேண்டும் என்பதுகூட இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து வலியுறுத்திவரும் முறை இதுவே: இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று வேலையை ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அதை நினைவில் சுமக்கும் பொறுப்பு நம்மிடமிருந்து அந்த நிகழ்வுக்குப் போய்விடுகிறது. முடிக்காத வேலை மனத்தை நச்சரிப்பதை நிறுத்த, வேலையை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை, எப்போது எப்படிச் செய்வது என்ற தெளிவான திட்டமே போதும் என்று மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் சோதனை வழியாகக் காட்டினார்கள். கடன்காரனுக்குத் தவணைத் தேதி சொன்னால் வாசலை விட்டுப் போவதுபோலத்தான்.

இன்றோ நாளையோ செய்ய முடியாத வேலைகளுக்கு நாட்காட்டியின் உண்மையான அருமை தெரியும். பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் சீட்டு எடுக்க வேண்டும் என்ற எண்ணம் செப்டம்பரிலேயே வந்து குடைகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய விதிப்படி முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத்தான் திறக்கிறது. ஆகவே ஜனவரி 12ஆம் தேதிப் பயணத்துக்கு நவம்பர் 13க்கு முன்னால் நீங்கள் எத்தனை இரவு விழித்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. நாட்காட்டிக் கட்டைத் தூக்கி, நவம்பர் 12ஆம் தேதித் தாளைத் தேடி, அதன் ஓரத்தில் “நாளை காலை 8, பொங்கல் டிக்கெட்” என்று பென்சிலால் எழுதிவிட்டுக் கட்டைக் கீழே விடுங்கள். அந்தத் தாள் மேலே வரும் நாளில் எழுத்தும் தானாக மேலே வரும். கைப்பேசி நினைவூட்டலும் இதைச் செய்யும் என்பீர்கள், செய்யும். ஆனால் இரவு பத்தரை மணிக்குக் கைப்பேசியைக் கையில் எடுத்தவர் நினைவூட்டலை மட்டும் பதிந்துவிட்டுக் கீழே வைத்ததாக வரலாறு இல்லை. அதே தாளில் ராகு காலம் பார்த்து நேரம் குறிக்கிறவர்கள் தாராளமாகக் குறிக்கலாம். நேரம் எழுதாமல் மட்டும் விடாதீர்கள்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று எழுதும்போது, தோன்றுவதைப்போல் ஒன்றரை மடங்காவது எழுதுங்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில் கனடா மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்களாகும் என்று கணித்தார்கள். ஆனது 55 நாட்களுக்கும் மேல். நாம் அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்று நினைக்கக் காரணம் இல்லை.

“ட்டா” என்று முடிபவை

பயத்தை எழுதி நேரம் குறித்துவிட்டால் அது போய்விடாது. அதில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். தாமஸ் பார்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1983இல் வெளியிட்ட முறை இன்றும் சிகிச்சை அறைகளில் கற்பிக்கப்படுகிறது. அதன்படி, நாள்தோறும் அரை மணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். நேரமும் இடமும் மாறக் கூடாது. மற்ற நேரத்தில் வரும் கவலையை இனம் கண்டு, உனக்கு மாலையில் நேரம் இருக்கிறது என்று தள்ளிவைக்க வேண்டும். அந்த அரை மணியில் கவலைப்படத் தடையில்லை, படவே வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. படுக்கையும் சாப்பிடும் இடமும் கூடாது. அங்கே கவலைப்பட்டுப் பழகினால் அந்த இடமே கவலையைக் கூப்பிடத் தொடங்கும். உறங்கும் நேரத்துக்கு அருகிலும் வைக்காதீர்கள். நான் மாலை ஆறரை மணிக்குக் கொல்லைப்புறப் படிக்கட்டில் உட்காருவேன். வீட்டில் உள்ளவர்கள் அதைக் “கவலை ஆபீஸ்” என்று கேலி செய்தாலும் அந்த நேரத்தில் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள். பகலில் வந்த பயங்களை ஒரு சொல்லால் மட்டும் தாளில் குறித்து வைத்திருந்து, அங்கே உட்கார்ந்ததும் ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். “கண்” என்று அல்ல. “சர்க்கரை அதிகமாக இருந்தால் சிகிச்சையைத் தள்ளிவைத்துவிடுவார்கள்” என்று.

முழு வாக்கியமாக எழுதியதும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? இருந்தால் அது பயம் அல்ல, வேடம் மாற்றிக்கொண்டு வந்த “ணும்”. மேலே சொன்ன வாக்கியம் எனக்கு அப்படித்தான் மாறியது: சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே சர்க்கரையைச் சோதித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று அது வேலைப் பட்டியலுக்குப் போனது. ஒன்றும் செய்ய முடியாததாக இருந்தால், அந்த வாக்கியத்தைத் தேதியோடு ஓர் உறையில் போட்டுவிடுங்கள். “பார்வை முழுவதும் திரும்பாது” என்பது என் உறைக்குள் போன முதல் சீட்டு.

எழுதும்போது ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: ஒரு “ட்டா”வின் தோளில் இன்னொரு “ட்டா” ஏறினால் அங்கேயே பென்சிலை வைத்துவிட வேண்டும். சிகிச்சை தள்ளிப் போயிட்டா, அப்புறம் எனக்கு லீவு கிடைக்காமல் போயிட்டா, அதனால் வேலைக்கே ஆபத்து வந்துட்டா என்று போவது, அத்தைக்கு மீசை முளைத்தால் என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று யோசிக்கிற கதை. முதல் “ட்டா” மட்டுமே எழுதத் தகுந்தது. இரண்டாவது, முதலாவது நடந்தபிறகு வரட்டும்.

உறையில் போட்ட சீட்டுகளை மாதம் ஒருமுறை எடுத்துப் படித்து, நடந்ததா இல்லையா என்று எதிரில் குறிக்க வேண்டும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாஃப்ரெனியரும் நியூமனும் மிகுகவலை நோய் உள்ள 29 பேரிடம் இதைச் செய்துபார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் எழுதிய கவலைகளில் ஏறத்தாழ 91 விழுக்காடு நடக்கவில்லை. இந்த எண்ணை எங்காவது படித்துவிட்டு ஆறுதல் அடைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் கவலை மீதி ஒன்பதில் சேர்ந்தது என்று வாதாட மனத்துக்கு ஒரு நொடி போதும். சொந்தக் கையெழுத்தில், சொந்தத் தேதியோடு, எதிரில் “இல்லை” என்று எழுதிய சீட்டுகள் கையில் சேர்ந்தபிறகு அந்த வாதம் அவ்வளவு எளிதில் எடுபடாது. என் உறையில் பதினொரு சீட்டுகள் இருந்தன. நடந்தது, உறைக்குப் போகாமல் வேலைப் பட்டியலுக்குப் போன அந்த ஒன்றே: ஒரு வாரம் முன்பு எடுத்த சோதனையில் சர்க்கரை அதிகமாக இருந்ததால் தேதி இருபது நாள் தள்ளிப் போனது. அம்மா அந்த இருபது நாளும் பக்கத்து வீட்டுப் பேத்திக்குப் பல்லாங்குழி சொல்லிக் கொடுத்தார். சிகிச்சை அரை மணி நேரத்துக்குள் முடிந்து அன்று மாலையே வீடு திரும்பிவிட்டோம். நான் எந்தச் சீட்டிலும் எழுதாத ஒன்று அதற்குப் பிறகு வந்தது: நாளுக்குப் பலமுறை சொட்டு மருந்து விடும்போது அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார், வாரக்கணக்கில்.

“லாம்” என்று முடிபவை

ஆசையை அடக்க வேண்டியதில்லை; ஆனால் அதிலேயே குளிர் காய்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றாது. எடை குறைப்பில் சேர்ந்த பெண்களை ஆராய்ந்த கேப்ரியல் எட்டிங்கனும் வாடனும், மெலிந்த தங்களைப் பற்றி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே எடை இழந்ததை 1991இல் எழுதினார்கள். எனவே ஒவ்வொரு “லாம்” பக்கத்திலும் ஓர் “ஆனால்” எழுதுங்கள். திருச்செந்தூர் போகலாம்; ஆனால் மணலும் கூட்டமும் இருக்கும், சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் கண்ணில் தூசி படக் கூடாது. அவ்வளவுதான், ஆசை தானாகவே ஒரு தேதிக்குத் தள்ளி உட்கார்ந்துகொள்ளும்.

கைவேலையில் பழகுதல்

தாளும் உறையும் இரவைப் பார்த்துக்கொள்ளும். பகலில், கண் முன் இருப்பதை விட்டு மனம் நழுவும் நேரத்துக்கு ஒரு சிறு பயிற்சி வேண்டும். கைக்கு ஈரமோ சூடோ தெரிகிற ஒரு வேலையை நாளுக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள்: பாத்திரம் துலக்குவது, கோலம் போடுவது, காப்பி ஆற்றுவது. அதைச் செய்யும்போது நாளை பற்றிய எண்ணம் வந்தால், அதைத் தொடரவும் விரட்டவும் வேண்டாம். உள்ளுக்குள் அதன் வகையை ஒரு சொல்லால் மட்டும் குறித்துவிட்டு, விரலில் படும் தண்ணீருக்குத் திரும்புங்கள். பர்மாவின் மகாசி சயாதோ பௌத்தத் தியானத்தில் பரப்பிய குறித்தல் முறையும் ஏறத்தாழ இதுதான்: திட்டம் தோன்றினால் “திட்டமிடுகிறேன்” என்று குறித்துவிட்டு, வயிறு எழுந்து அடங்குவதைக் கவனிக்கத் திரும்புவார்கள். எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய எண்ணமாக இருந்தால் கையைத் துடைத்துவிட்டுத் தாளில் ஒரு சொல் எழுதிவிட்டு வாருங்கள்.

ஒரு குண்டானைத் துலக்கி முடிப்பதற்குள் எட்டு முறை திரும்ப நேர்ந்தால் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட நேரங்களில் 46.9 விழுக்காட்டில் மனம் செய்யும் வேலையில் இல்லை. பாதி நேரம் வெளியே திரிவது எல்லாருடைய மனத்துக்கும் உள்ள வழக்கம். எட்டு முறை திரும்பியதுதான் அன்றைய பயிற்சி.

இந்த ஏற்பாடுகளுக்கு நான்கு வாரமாவது கொடுங்கள். முதல் வாரத்தில் பட்டியல் நீண்டுகொண்டே போகும். தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்காததை அன்று எழுத வேண்டாம். கவலை நேரத்தில் நோயைப் பற்றி இணையத்தில் தேடுவதையும், பலன் சரியாக இல்லை என்று நான்கு நாளிதழ்களின் ராசிபலனை ஒப்பிட்டுப் பார்ப்பதையும் விலக்குங்கள். ஒரு “ட்டா”வுக்கு விடை தேடிப் போனவர் அங்கிருந்து ஐந்து “ட்டா”வோடு திரும்புவார்.

மருத்துவரிடம் போக வேண்டிய நிலை

பெரும்பாலான நாட்களில் கட்டுக்கு அடங்காத கவலை ஆறு மாதமாகத் தொடர்ந்தாலோ, கூடவே தூக்கமின்மை, தசை இறுக்கம், எளிதில் களைப்பு, எரிச்சல், கவனம் நில்லாமை போன்றவை இருந்தாலோ, தாளும் பென்சிலும் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றே பேச வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நாட்காட்டித் தாள்களையும் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை நாள், எதைப் பற்றி என்று அவர் முதலில் கேட்பவற்றுக்கு விடை, ஒவ்வொரு தாளின் முன்புறத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட்ட தேதியோடு ஏற்கெனவே இருக்கும்.